யமஹா டிடி-1 வாங்கப் போகிறீர்களா? எஞ்சினை விடுங்கள், சின்னச் சாமான்களை எண்ணிப் பாருங்கள்

பழைய யமஹா டிடி-1 (DT-1) மோட்டார் சைக்கிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் எஞ்சினைப் பற்றி விசாரிப்பதே இல்லை. எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் இருக்கிறதா? டேங்க் உட்காரும் ரப்பர்கள் இருக்கின்றனவா? காற்று வடிகட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே போகும் ரப்பர்க் குழாய் வெடிக்காமல் இருக்கிறதா? முகப்பு விளக்கைத் தாங்கும் காதுகள் இரண்டும் உண்டா? இவற்றுக்கெல்லாம் ஆமாம் என்று பதில் வந்தால், எஞ்சின் கல்லாக இறுகிக் கிடந்தாலும் வாங்குங்கள் என்பேன். எஞ்சின் முதல் உதையிலேயே ஓடி, இவை எதுவும் இல்லையென்றால், அந்த வண்டியை வேறொருவர் வாங்கட்டும் என்பேன். இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் எடுத்து ஒரு டிடி-1-ஐ எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். அதில் எஞ்சினுக்குப் போன காலம் ஐந்தே மாதம். மீதியெல்லாம் தேடலுக்குப் போனது.

நான் லேத்தில் நின்று வேலை செய்பவன். 26 ஆண்டுகளாக இரும்பும் அலுமினியமும் வெண்கலமும் என் கையில் புழங்குகின்றன. பழைய வண்டிகளை மீட்டெடுப்பது எனக்குத் தொழிலல்ல, மாலை நேர ஆசை. இந்த மதிப்பீட்டையும் அந்த நிலையில் இருந்தே எழுதுகிறேன். லேத் இல்லாதவர்களுக்கு எங்கே கஷ்டம் வரும் என்பதையும் ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

என் வண்டி ஐந்து மரப்பெட்டிகளில் வந்தது. முந்தைய உரிமையாளர் ஆசையாகப் பிரித்திருக்கிறார். பூட்ட அவருக்கு ஆயுள் போதவில்லை. சட்டம் தனியாக, சக்கரங்கள் தனியாக, எஞ்சின் ஒரு சாக்கில். சட்டத்தின் கழுத்திலும் எஞ்சின் உறையிலும் 'டிடி1' என்று தொடங்கும் எண்கள் பொறித்திருந்தன. இரண்டும் ஒன்றாக இருந்ததைக் கண்டபோதே பாதி முடிவு செய்துவிட்டேன். அக்காலத்து யமஹாக்களில் சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் ஒரே எண்ணைத்தான் கொடுத்தார்கள். எண் பிரியாத வண்டி என்றால், யார் கையிலோ பட்டுச் சிதறாமல் ஒரே குடும்பமாக வந்திருக்கிறது என்று பொருள்.

இந்த வண்டிக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதற்கு இரண்டு வரி வரலாறு போதும். 1967 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் காட்டப்பட்டு, 1968-இல் விற்பனைக்கு வந்தது டிடி-1. அதற்கு முன்பு காட்டிலும் மேட்டிலும் ஓடும் வண்டி வேண்டுமென்றால், ஐரோப்பியப் பந்தய வண்டி வாங்க வேண்டும், அல்லது சாலை வண்டிக்குப் பெரிய பல்சக்கரமும் முரட்டு டயரும் மாட்டிக்கொள்ள வேண்டும். டிடி-1 விளக்கும் இலக்கத் தகடும் வைத்துக்கொண்டே சாலையில் போய், அப்படியே மண்பாதையில் இறங்கியது. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் வீச்சு 64 மில்லிமீட்டர், 246 சி.சி., காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், ஐந்து கியர். முன்சக்கரம் 19 அங்குலம், பின்சக்கரம் 18. எடை 110 கிலோவுக்கு அக்கம்பக்கம். பின்னால் வந்த எத்தனையோ ஜப்பானியக் காட்டுவண்டிகளுக்கு இதுவே அச்சு.

வாங்குபவர் கவனிக்க வேண்டிய ஆண்டுக்கணக்கு ஒன்று உண்டு. 1971 வரை வந்தவை டிடி-1 வரிசை. இவற்றில் பெட்ரோல் கலவையை உள்ளே விடுவதும் அடைப்பதும் பிஸ்டனின் பாவாடைதான், அதாவது அதன் கீழ்ப்பகுதிதான். 1972-இல் டிடி-2 வந்தபோது மெல்லிய நாக்கு போலத் திறந்து மூடும் ரீட் வால்வு சேர்ந்தது. சிலிண்டரும் பிஸ்டனும் மாறிவிட்டன. வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், டிடி-2-இன் சிலிண்டரை டிடி-1-க்கு என்று நம்பி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். கார்புரேட்டர் பூட்டும் வாயில் ரீட் வால்வுக்கான அகன்ற பெட்டி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.

இனி எஞ்சின். இறுகிப்போன எஞ்சினைக் கண்டு பயப்படாதீர்கள். தலைப்பகுதியைக் கழற்றி, பிஸ்டன் மேல் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, ஒரு வாரம் அப்படியே விட்டேன். குறைந்தது போலத் தெரிந்தபோதெல்லாம் மேலும் ஊற்றினேன். எட்டாம் நாள் உயர் கியரில் போட்டு, எஞ்சினில் சங்கிலி மாட்டும் பல்சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்தபோது தலைமயிர் அளவு நகர்ந்தது. பிறகு ஒரு மணி நேரத்தில் முழுச் சுற்று வந்துவிட்டது. பிஸ்டன் மண்டையில் சுத்தியலால் தட்டுபவர்கள் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அந்த அடி கனெக்டிங் ராடு வழியே கீழே உள்ள ஊசி பேரிங்குக்குப் போகிறது. சிலிண்டரைக் காப்பாற்றுகிறேன் என்று கிராங்க் என்ற சுழல்தண்டைப் பலிகொடுத்துவிடுவீர்கள்.

திருகுகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த எஞ்சினின் உறைகளைப் பிடித்திருப்பவை கூட்டல்குறித் தலைத் திருகுகள். சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அவற்றில் முழுதாக இறங்காது. அடிவரை போகாமல் மேலேயே நின்று, பலம் கொடுத்ததும் வழுக்கி, தலையை மழித்துவிடும். ஜப்பானியத் தரமான ஜே.ஐ.எஸ். முனை தனி. அந்த முனையை வைத்து, சுத்தியலால் அடித்தால் திரும்பும் தட்டுத் திருப்புளியோடு வேலை செய்தால், ஐம்பது ஆண்டு உறங்கிய திருகும் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு வந்துவிடும். என் எஞ்சினில் ஒன்றுகூட மழியவில்லை. முந்தையவர் கழற்றிய பக்கத்தில் ஏழு தலைகள் மழிந்து கிடந்தன. எனக்கும் அவருக்கும் வித்தியாசம் கையிலிருந்த கருவி மட்டுமே.

சிலிண்டர் அலுமினியம், உள்ளே வார்ப்பிரும்பு உறை. ஆகவே தேய்ந்தால் போர் செய்து, அதாவது உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி, அடுத்த அளவு பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம். என் சிலிண்டர் ஏற்கெனவே ஒருமுறை போர் செய்யப்பட்டிருந்தது. அடுத்த அளவுக்கு, அதாவது அரை மில்லிமீட்டர் கூடுதலுக்கு எடுத்தேன். பிஸ்டனைக் கையில் வாங்கி அளந்த பிறகே சிலிண்டரைப் போர் செய்யக் கொடுங்கள். பெட்டியின் மேல் அச்சிட்ட அளவை நம்பிப் போர் செய்த பிறகு இடைவெளி கூடிவிட்டால், போன உலோகம் திரும்பி வராது. நான் பிஸ்டனுக்கும் சுவருக்கும் 0.04 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக இடைவெளி வைத்தேன்.

போர் செய்பவர்களில் பலர் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு. டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் துவாரங்கள் இருக்கின்றன. போர் செய்ததும் அந்தத் துவாரங்களின் விளிம்பு சவரக்கத்தி போல நிற்கும். பிஸ்டன் வளையம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை அந்த விளிம்பைக் கடந்து போக வேண்டும். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன், தோலைப் பிடித்தது. சிறு உருளைச் சாணைக்கல்லைக் கையிலேயே பிடித்து, மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு விளிம்பையும் மழுக்கினேன். துவாரத்தின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் கூடுதல் கவனம். இரண்டு மாலைகள் ஆயின. கடைசியில் ஒரு வளையத்தை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் தள்ளிக்கொண்டே போனேன். எந்த இடத்திலும் 'கிளிக்' என்று தட்டவில்லை. அந்த மௌனத்தைக் கேட்ட பிறகே சிலிண்டரைக் கழுவி வைத்தேன்.

இப்போது உதிரிபாகத் தேடல். இங்கே என் மகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். பாகங்களின் படப்பட்டியலை வைத்துக்கொண்டு நான் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் எண்ணைத் தேடினாள். "அப்பா, பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள். எண்ணை எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்" என்றாள்.

யமஹாவின் பாக எண்ணில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதல் மூன்று இலக்கம் வண்டியின் குறியீடு, டிடி-1-க்கு 214. அடுத்த ஐந்து இலக்கம் பாகத்தின் வேலை. 11631 என்றால் பிஸ்டன், எந்த யமஹாவாக இருந்தாலும் சரி. 11635 என்றால் கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன், 11636 என்றால் அரை மில்லிமீட்டர். ஆகவே 214-11636 என்ற எண்ணைக் கண்டால், அட்டைப்பெட்டி கிழிந்து பெயரே தெரியாவிட்டாலும், உள்ளே இருப்பது எனக்கு வேண்டிய பிஸ்டன்தான். என் பிஸ்டன் அப்படித்தான் கிடைத்தது. விற்றவர் அதை 'ஏதோ பழைய பிஸ்டன்' என்று மட்டும் எழுதியிருந்தார். படத்தில் பெட்டியின் ஓரம் தெரிந்தது. மகள் எண்ணைப் படித்துவிட்டாள்.

இதைவிடப் பெரிய பலன் ஒன்று. பட்டியலில் சில பாகங்களின் எண் 214 என்று தொடங்குவதில்லை. வேறொரு குறியீட்டில் தொடங்கினால், அந்தப் பாகம் முதலில் வேறொரு யமஹாவுக்காக வரையப்பட்டு, பிறகு டிடி-1-க்கும் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று பொருள். உடனே தேடும் இடம் விரிந்துவிடும். டிடி-1 என்ற பெயருக்காகவே இரட்டிப்பு விலை கேட்கும் இடத்தில், அதே பாகம் பெயரில்லாத ஒரு சாலை வண்டியின் பாகமாக மலிவாகக் கிடக்கும். 93 என்று தொடங்குபவை சீல், பேரிங், ஓ-ரிங் வகை. 93306 என்பதற்குப் பின்னால் 204 என்று வந்தால் அது 6204 பேரிங். உலகில் எந்த பேரிங் கடையிலும் உள்ளது: உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். கிராங்க்குக்குப் போடுபவற்றில் மட்டும் உள்இடைவெளிக் குறியை மறக்காதீர்கள். சூடேறி விரியும் இடத்தில் சாதாரண இடைவெளி போதாது. கழற்றிய பேரிங்கில் சி3, சி4 என்று எது பொறித்திருக்கிறதோ அதையே போடுங்கள்.

பழைய கையிருப்பு, புதிதாக வார்த்தது, கழற்றிய பழையது என்று மூன்று வகையாகப் பாகங்கள் வருகின்றன. என் அனுபவத்தில் உலோகப் பாகம் என்றால் கழற்றிய பழையதே மேல். தேய்மானம் கண்ணுக்குத் தெரியும், அளக்க முடியும். ரப்பர் என்றால் பழைய கையிருப்பை நம்ப வேண்டாம். பெட்டி புத்தம் புதிதாக இருக்கும், உள்ளே உள்ள சீலின் உதடு பிஸ்கோத்து போல உடையும். ரப்பருக்கு வயதுதான் எதிரி. அது வண்டியில் இருந்ததா பெட்டியில் இருந்ததா என்று அந்த எதிரி பார்ப்பதில்லை.

புதிதாக வார்த்த ரப்பரிலும் ஒரு காயம் பட்டேன். கிராங்க்கின் இரு பக்கமும் காற்றும் எண்ணெயும் கசியாமல் அடைக்கும் சீல் இரண்டையும் 'டிடி-1-க்கென்றே செய்தது' என்று சொல்லி விற்ற ஒருவரிடம் வாங்கினேன். இடப்பக்கச் சீலை அதன் குழியில் வைத்துப் பெருவிரலால் அழுத்தியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. சீல் அப்படிப் போகக் கூடாது. மெல்லத் தட்டித்தான் இறங்க வேண்டும். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். பூட்டிய பிறகு காற்றழுத்தச் சோதனை செய்தேன். இந்தச் சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. புகை வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் அடைப்பால் மூடி, ஒன்றில் சிறு குழாய் செருகி, ரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பம்பையும் மானியையும் இணைத்தேன். மானி 300 மில்லிமீட்டர் பாதரசம் வரை காட்டும். அது ஏறத்தாழ 5.8 பி.எஸ்.ஐ. அழுத்தம். நல்ல எஞ்சின் ஆறு நிமிடம் அதை விடாமல் பிடித்துவைக்கும். என் எஞ்சினில் முள் நாற்பது நொடியில் பூஜ்யத்துக்கு வந்தது. சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவினேன். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ இருக்கும் இடப்பக்கத்தில், சீலின் உதட்டில் அல்ல, அதன் வெளிவிளிம்பில், சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாகப் பூத்தன.

கழற்றி மைக்ரோமீட்டரில் அளந்தேன். குழியைவிடச் சீல் 0.1 மில்லிமீட்டர் சிறியது. விற்றவருக்கு அளவுகளோடு எழுதினேன். 'எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள்' என்று ஒரு வரிப் பதில் வந்தது, பணம் வரவில்லை. எனக்குக் கோபம் பணத்துக்காக அல்ல. இந்தப் பக்கத்துச் சீல் காற்றை உள்ளே இழுத்தால், கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் கொதித்து, புதிதாகப் போர் செய்த சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். சோதனை செய்யத் தெரியாத ஒருவர் அந்தச் சீலை நம்பி ஓட்டியிருந்தால், கிடைக்காத ஒரு சிலிண்டர் வீணாகியிருக்கும். மறுபக்கச் சீல் ஒழுகினால் இவ்வளவு கொடுமை இல்லை. கியர் எண்ணெயை உறிஞ்சி வெள்ளைப் புகையாகக் கக்கும், கண்டுபிடித்துவிடலாம்.

தீர்வு கடைசியில் எளிதாக இருந்தது. உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு, வண்டியின் பெயரையே சொல்லாமல், தொழிற்சாலை இயந்திரங்களுக்குச் சீல் விற்கும் கடையில் கேட்டேன். பெட்ரோலும் சூடும் தாங்கும் ரப்பரில், அதே அளவில் கிடைத்தது. தட்டி இறக்கினேன். முள் ஆறு நிமிடம் அசையவில்லை.

ஆட்டோலூப் எண்ணெய்ப் பம்பைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று இருக்கிறது. பலர் இதைக் கழற்றி எறிந்துவிட்டு, எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டுகிறார்கள். பம்ப் எப்போது நிற்கும் என்று பயம். அந்தப் பயத்துக்கு மருந்து, பம்பைச் சோதிப்பது. எஞ்சின் சுற்றும் வேகத்துக்கும் நாம் முறுக்கும் அளவுக்கும் ஏற்ப எண்ணெயைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் கருவி இது.  கலந்து ஊற்றினால் விகிதம் எப்போதும் ஒன்றுதான். பம்பின் தகட்டுக்கும் கப்பிக்கும் நடுவே, குறைந்தபட்ச வீச்சில் 0.20 முதல் 0.25 மில்லிமீட்டர் வர வேண்டும். என்னுடையதில் 0.15 இருந்தது. மெல்லிய வளையத்தகடு ஒன்று சேர்த்ததும் சரியானது. புதிய ஓ-ரிங்குகள் போட்டு, ஒளி ஊடுருவும் குழாய் மாட்டி, பம்பின் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி, குழாயில் இருந்த கடைசிக் காற்றுக்குமிழி நகர்ந்து சிலிண்டருக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் டேங்க் பெட்ரோலுக்கு மட்டும் பாதுகாப்புக்காக எண்ணெயும் கலந்துவிட்டேன். பம்ப்புத் தொட்டியில் அளவு இறங்குவதைக் கண்ட பிறகு கலப்பதை நிறுத்திவிட்டேன்.

கார்புரேட்டர் மிக்குனி வி.எம். 26. இந்த வட்ட ஸ்லைடு வகை இன்றும் தயாராவதால் ஜெட்டுக்கும் ஊசிக்கும் பஞ்சமில்லை. கழுவி, மிதவை மட்டம் பார்த்து, பூட்டினால் வேலை முடிந்தது. மின்சாரம் ஆறு வோல்ட். தீப்பொறி மேக்னெட்டோவில் இருந்து நேராக வருவதால் பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். தீப்பொறி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் பாயின்ட்டின் இடைவெளியை 0.35 மில்லிமீட்டரில் வைத்தேன். ஃப்ளைவீலைக் கழற்ற அதற்கான இழுப்பானையே பயன்படுத்துங்கள்.

பெட்ரோல் டேங்க் உள்ளே துரு. சிட்ரிக் அமிலக் கரைசலை ஒரு நாள் வைத்து, சமையல் சோடாத் தண்ணீரால் அலசி, காய்ந்த உடனே டூ ஸ்ட்ரோக் எண்ணெயைச் சுற்றிவிட்டேன். மின்சாரம் பாய்ச்சித் துரு எடுக்கும் முறையை விரும்புபவர்கள், நேர்மின் முனைக்குத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தாதீர்கள். அதிலிருந்து குரோமிய நஞ்சு கரைகிறது. சாதாரண இரும்புக் கம்பியே போதும். வெள்ளை முத்து வண்ணம் நான் பூசவில்லை. அது கைதேர்ந்தவர் வேலை. அடி வெள்ளை, நடுவில் முத்துப் பொடி, மேலே கண்ணாடிப் பூச்சு என்று மூன்றும் ஒரே மூச்சில் அமைய வேண்டும்.

இனி, ஆரம்பத்தில் சொன்ன சின்னச் சாமான்கள். டேங்க் உட்காரும் ரப்பர்களில் ஒன்று இருந்தது, ஒன்று இல்லை. இருந்ததை மாதிரியாக வைத்து அலுமினியத்தில் அச்சு கடைந்தேன். அதில் யூரித்தேன் ஊற்றி எடுத்த முதல் ரப்பர் கல்லாக இருந்தது, டேங்க் அதிர்ந்தது. இரண்டாவது களியாக இருந்தது. மூன்றாவதுதான் சரியாக வந்தது. முகப்பு விளக்கின் காது ஒன்று வளைந்து கிழிந்திருந்தது. நிமிர்த்தி, பற்றவைத்து, அரத்தால் ராவினேன். காற்று வடிகட்டியின் நுரை தொட்டதும் மாவாக உதிர்ந்தது. வடிகட்டி நுரைத் தாள் வாங்கி, பழைய சட்டத்துக்கு அளவெடுத்து வெட்டி ஒட்டினேன். இது யாரும் செய்யக்கூடியது. ஆனால் அந்த நுரைக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலான ரப்பர்க் குழாயைச் செய்ய என்னால் முடியவில்லை. அதன் வளைவு, உள்மடிப்பு, இரண்டு முனையிலும் வெவ்வேறு விட்டம். அச்சு கடைய இரண்டு முறை முயன்று விட்டுவிட்டேன். ஒன்பது மாதம் கழித்து, விபத்தில் நொறுங்கிய வண்டி ஒன்றைப் பாகம் பாகமாக விற்றவரிடம் நல்ல நிலையில் கிடைத்தது. எஞ்சினுக்கு நான் செலவழித்ததில் கால்பங்கை அந்த ஒற்றை ரப்பர் வாங்கிக்கொண்டது. லேத் இல்லாதவருக்கு இந்தப் பத்தியில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு ஒன்பது மாதம்.

ஓட்டம் எப்படி? சிறு கல்லும் மணலும் கலந்த மேட்டில், மூன்றாவது கியரில், முறுக்கைப் பாதி மட்டும் திறந்து வைத்தால், டிராக்டர் போல ஏறுகிறது. யமஹா கொடுக்கும் கணக்கு நிமிடத்துக்கு 6,000 சுற்றில் 18.5 குதிரைத்திறன். இன்றைய 250 சி.சி. வண்டிகளோடு ஒப்பிட்டால் அந்த எண் சிறியது. ஆனால் சக்தி கீழேயே கிடைத்துவிடுவதால் ஈரமண்ணில் பின்சக்கரம் வீணாகச் சுழல்வதில்லை. மண்ணைக் கடித்துக்கொண்டு போகிறது. வண்டியின் எடை கால்களுக்கு நடுவில் இருப்பதே தெரியவில்லை. நின்றுகொண்டு ஓட்டும்போது கைப்பிடி சரியான உயரத்தில் வந்து நிற்கிறது. டிரம் பிரேக்கும் குறுகிய சஸ்பென்ஷனும் அந்தக் காலத்தவை. பிரேக் கட்டைகளுக்குப் புதிய லைனிங் ஒட்டி, டிரம்மை லேத்தில் வட்டம் பார்த்துக் கடைந்த பிறகும், இறக்கத்தில் முன்கூட்டியே பிடிக்கத் தொடங்க வேண்டும். கையும் காலும் ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆறு வோல்ட் விளக்கை நம்பி இரவில் காட்டுப்பாதையில் இறங்க வேண்டாம்.

ஆகவே யாருக்கு இந்த வண்டி? எஞ்சின் வேலை கற்றுக்கொள்ள விரும்புபவர் முதலில் எடுக்க இதைவிட நல்ல எஞ்சின் எனக்குத் தெரியாது. எஞ்சினுக்குள் வால்வு இல்லை, வால்வைத் திறக்கும் கேம் இல்லை, அதைச் சுற்றும் சங்கிலி இல்லை. ஒவ்வொரு பாகமும் திறக்கவும் அளக்கவும் மாற்றவும் வசதியாகச் செய்யப்பட்டிருக்கிறது. அடுத்த மாதமே ஓட்ட வேண்டும் என்பவருக்கு வேண்டாம். பணம் இருக்கிறது, தேட நேரமில்லை என்பவர், ஏற்கெனவே முழுதாக மீட்டெடுத்த வண்டியையே வாங்கட்டும். எப்படிக் கணக்குப் பார்த்தாலும் அது மலிவு. நேரமும் பொறுமையும் உள்ளவர், வாங்கும் முன் படப்பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய், பெட்டிகளைக் கவிழ்த்து, பாகம் பாகமாகச் சரிபார்க்கட்டும். நான் சரிபார்த்தபோது 41 பாகங்கள் குறைந்தன. இப்போது ஒன்று.

அது டாக்கோமீட்டர். வேகமானிக்குப் பக்கத்தில் அதன் வட்டத் தாங்கி காலியாக இருக்கிறது. தூசி போகாமல் இருக்க அலுமினியத்தில் ஒரு மூடி கடைந்து பொருத்தியிருக்கிறேன். கேபிளின் முனையை மடக்கி, துணி சுற்றிக் கட்டியிருக்கிறேன். எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதைக் காதால்தான் அறிகிறேன். மகளின் நோட்டுப் புத்தகத்தில் நாற்பது எண்கள் அடிக்கப்பட்டிருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் அடிக்காத எண் ஒன்று நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் வண்டியைத் துடைக்கும்போது, அவள் அந்த எண்ணை மறுபடி ஒருமுறை தட்டித் தேடிவிட்டு, "இன்னும் இல்லை அப்பா" என்று உள்ளிருந்து குரல் கொடுக்கிறாள்.